காணச் சென்றவரின் கடன்

விடுமுறையில் ஓர் ஊரைக் காணச் செல்கிறோம். அவ்வூரில் வாழும் மக்களுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டவர்களா? விடுதிக்கு வாடகை கொடுத்தோம், வண்டிக்குக் கூலி கொடுத்தோம், அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கினோம். கணக்கு அத்துடன் தீர்ந்தது என்பதே பெரும்பாலோர் எண்ணம். தலயாத்திரை சென்ற நம் பாட்டன்மாருக்கு இவ்வினா எழவில்லை. காசிக்குச் சென்றவர் எங்கே நீராட வேண்டும், யாருக்கு என்ன ஈய வேண்டும், எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதற்கெல்லாம் முறை இருந்தது. விடுமுறைப் பயணிக்கு அத்தகைய முறை எதுவும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல நூறு வழிகாட்டி நூல்கள் உண்டு. எவ்வாறு பார்க்க வேண்டும் என்று சொல்வார் இல்லை.

இதனை எண்ணிப் பார்ப்பதற்கு எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவைவிடப் பொருத்தமான ஊரை யான் அறியேன். மத்தியதரைக் கடலின் தென்கரையில் கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவிய துறைமுகம் அது. பள்ளிச் சிறுவரும் அறிந்த பெயர். ஆனால் எவற்றால் அப்பெயர் உலகெங்கும் பரவியதோ அவற்றுள் ஒன்றேனும் இன்று அங்கே இல்லை. இல்லாதவற்றைக் காண்பதற்காகவே மக்கள் செல்லும் ஊர் அது.

சென்ற குளிர்காலத்தில், அயல்நாடு செல்ல அலுவலக அனுமதி பெற்று (அந்தக் கோப்பு நகர்ந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது), தில்லியிலிருந்து புறப்பட்ட சுற்றுலாக் குழு ஒன்றில் நானும் என் மனைவியும் சேர்ந்துகொண்டோம். குழுவில் பாதிப் பேர் தமிழர். கெய்ரோவிலிருந்து பாலைவனச் சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் சென்று, அலெக்சாந்திரியாவை ஒரே பகலில் பார்த்து, இரவே திரும்புவது திட்டம். அன்று மாலை பேருந்தில் ஏறும்போது எங்களுடன் வந்த ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், "பிரமிடு பார்த்த கண்ணுக்கு இங்கே ஒன்றுமே இல்லையே, சார்" என்றார். எவரும் மறுக்கவில்லை. இக்கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய கலங்கரை விளக்கம், கி.மு. 280-ஆம் ஆண்டளவில் ஃபாரோஸ் தீவின்மேல் எழுந்தது. நூறு மீட்டருக்கு மேல் உயரம் என்பர். நிலநடுக்கங்கள் அதனைச் சிறிது சிறிதாகத் தகர்த்தன. 1303-இல் நேர்ந்த நடுக்கத்திற்குப் பின் அது பயன்படவே இல்லை. அவ்விடத்தில் 1470-களின் இறுதியில் சுல்தான் காயித்பே கட்டிய கோட்டைதான் இப்போது நிற்கிறது. விளக்கத்தின் கற்கள் சில கோட்டைச் சுவருக்குள் இருக்கின்றன, பல கடலுக்கடியில் கிடக்கின்றன. 1994 முதல் நீரில் மூழ்கி ஆய்வோர் அவற்றை எண்ணி வருகின்றனர். அலெக்சாந்தரின் கல்லறை எங்கே என்பது எவருக்கும் தெரியாது. கரையோரம் நின்ற இரு சதுரக் கல்தூண்களில் ஒன்று 1878-இல் இலண்டனையும் மற்றொன்று 1880-இல் நியூயார்க்கையும் அடைந்தது. எஞ்சி நிற்கும் ஒரே பெருந்தூணுக்குப் 'பாம்ப்பியின் தூண்' என்று பெயர். அதற்கும் பாம்ப்பிக்கும் எத்தொடர்பும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தயோக்ளீசியன் என்னும் பேரரசனைப் போற்ற எழுந்தது அது.

நூலகத்தின் கதை யாவரும் கேட்டதே. சீசர் எரித்தான் என்பார் உளர். அரபுப் படையினர் எரித்தனர் என்னும் கதையும் உண்டு. இந்த இரண்டாவது கதை மிகப் பிற்காலத்தது, நம்பத்தக்கதன்று என்று அறிஞர் பலர் தள்ளிவிட்டனர். ஒரே இரவில் எரியவில்லை, பல நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றித் தேய்ந்தது என்றே இப்போது கருதுகின்றனர். கி.மு. 145-இல் எட்டாம் தாலமி அறிஞர்களை நகரைவிட்டுத் துரத்தியபோதே தேய்வு தொடங்கிற்று. எரிந்தது என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. பழியை யாரேனும் ஒருவர்மேல் போட்டுவிடலாம். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் இருந்த நூல்களையெல்லாம் அரசர் எடுத்துக்கொண்டு, படி எழுதி, மூலத்தைத் தாம் வைத்துக்கொண்டு படியை உரியவரிடம் தந்தனர் என்று காலன் என்னும் மருத்துவர் எழுதியிருக்கிறார். அவற்றின்மேல் 'கப்பல்களில் வந்தவை' என்று குறிப்பும் எழுதினராம். வந்தவரிடம் பெறத்தக்கது ஏதோ உண்டு என்று கருதிய ஊர் அது. முறைதான் சற்று முரட்டு முறை.

நிலத்தடிக் கல்லறை ஒன்றையும் காட்டினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குடைந்தது, 1900-இல் வெளிப்பட்டது. இறந்தோரை நினைந்து உறவினர் கூடி உண்பதற்கென்று அதனுள் ஓர் அறை இருக்கிறது. வாயிலில் காவல் நிற்கும் எகிப்தியத் தெய்வமாகிய அனுபிஸ், நாய்முகத்தோடும் உரோமானியப் போர்வீரன் உடையோடும் நிற்கிறது. அதைக் கண்டு எங்கள் குழுவினர் சிரித்தனர். எனக்கு அது மிகவும் அறிமுகமான உருவமாகத் தோன்றிற்று. வேற்றூரில் பிழைக்க வந்த குடும்பங்களில் தெய்வங்கள்கூட உடை மாற்றிக்கொள்ள நேர்வதை நாம் அறிவோம் அன்றோ?

இவ்வளவே எங்கள் அன்பர் கண்டது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரை அவர் 'ஒன்றுமில்லை' என்றார். கடற்கரைச் சாலையின் நெடுஞ்சுவர்மேல் வரிசையாக அமர்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்த குடும்பங்கள் அந்த 'ஒன்றுமில்லை'க்குள் அடக்கம். தூண்டில் போட்டுக் கடலைப் பார்த்து நின்ற முதியவர்கள் அடக்கம். என் மனைவியின் சேலையைக் கண்டு ஓடிவந்து "ஹிந்தி? ஹிந்தி?" என்று கேட்ட சிறுமியரும் அடக்கம். அரபு மொழியில் 'ஹிந்தி' என்றால் இந்தியர் என்று பொருள். எங்களுள் ஒருவர் அது தெரியாமல், "நோ ஹிந்தி, தமிழ்!" என்று மிடுக்கோடு மறுத்தார். சிறுமியர் குழம்பிப்போய், அடுத்துத் தமக்குத் தெரிந்த ஒரே இந்தியப் பெயராகிய அமிதாப் பச்சனைச் சொல்லிச் சிரித்தனர். புளியையும் அம்மக்கள் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றுதான் அழைக்கிறார்கள். கரைத்துச் சர்க்கரை இட்டுக் குடிக்கிறார்கள்.

அன்பரின் பார்வை எளிய பார்வை. அதனால் பெருந்தீங்கு இல்லை. கற்றவர்களின் பார்வை ஒன்று உண்டு. அதுவே என்னை அதிகம் உறுத்துகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த அலெக்சாந்திரியாவை எண்ணி ஏங்கும் பார்வை அது. கிரேக்கர், இத்தாலியர், யூதர், ஆர்மீனியர், சிரியர், பிரெஞ்சுக்காரர் எனப் பல இனத்தார் கூடி வாழ்ந்தனர், தெருவில் ஐந்து மொழிகள் ஒலித்தன, காப்பிக் கடைகளும் இசையரங்குகளும் நிறைந்திருந்தன, அந்நகர் இறந்துவிட்டது, இப்போது இருப்பது அதன் உடல் மட்டுமே. லாரன்ஸ் டரல் 1957 முதல் 1960 வரை வெளியிட்ட நான்கு புதினங்களுக்குப் பின் இவ்வேக்கம் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. அந்நூல்களைக் கையில் ஏந்தி வருவோர் பழைய தேநீர்க் கடைகளைத் தேடிச் சென்று பெருமூச்சு விடுகின்றனர். பெருமூச்சு விடும்போது பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. அக்குடும்பத்தின் மொழி இவர்கள் காதில் விழுவதில்லை.

அந்தப் பழைய நகர் எவ்வாறு எழுந்தது? 1798-இல் நெப்போலியன் வந்திறங்கியபோது அங்கிருந்தவர் சில ஆயிரம் பேர். முகம்மது அலியின் ஆட்சியில் நைல் ஆற்றிலிருந்து நகருக்கு மகமூதியா கால்வாய் வெட்டப்பட்டு 1820-இல் முடிந்தது. கட்டாய வேலைக்குக் கிராமங்களிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட உழவர்கள் வெட்டினார்கள். பல்லாயிரவர் அதில் மாண்டனர். நீரும் வாணிகமும் வந்தன. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் எகிப்தியப் பருத்திக்கு விலை ஏறிற்று, வெளிநாட்டார் குவிந்தனர். அவர்களுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. எகிப்தின் நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது. அவர்தம் நாட்டுத் தூதரகமே விசாரிக்கும். பிற்காலத்தில் உரிமை வழக்குகளுக்குக் கலப்பு நீதிமன்றங்கள் தோன்றின. ஆயினும் உள்நாட்டுச் சட்டம் அவர்களைத் தீண்டவில்லை. வரி விதிப்பதற்கும் அவர்களுடைய அரசுகள் இசைய வேண்டும். இந்தச் சலுகைகளை நீக்க 1937-இல் தான் உடன்பாடு ஆயிற்று. கலப்பு நீதிமன்றங்கள் 1949-இல் தான் மூடப்பட்டன. இடையில் 1882 ஜூலை 11 அன்று ஆங்கிலேயக் கப்பற்படை நகரைப் பீரங்கியால் தாக்கி, நாட்டையே கைப்பற்றியது. பல இனத்தார் கூடி வாழ்ந்தனர் என்பது மெய். ஆனால் அந்த மண்ணின் மக்களுக்கு அக்கூட்டத்தில் கடைசி இருக்கையே கிடைத்தது.

அவ்வாறு கூறுகையில் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் கிரேக்கரும் இத்தாலியரும் எல்லாரும் பருத்தி முதலாளிகள் அல்லர். மளிகைக் கடைக்காரர், உணவு விடுதிப் பணியாளர், தையற்காரர் என எளியவரே மிகப் பலர். 1956-இல் சூயஸ் போரை அடுத்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வெளியேற்றப்பட்டனர். அங்கேயே பிறந்து வளர்ந்த யூதக் குடும்பங்கள் பல, கையில் ஒரு பெட்டியோடு கப்பலேறின. 1961-இல் தொழில்கள் நாட்டுடைமை ஆனபோது கிரேக்கர் பெருவாரியாகப் புறப்பட்டனர். பாட்டனுக்கு இருந்த சலுகைக்காகப் பேரன் ஊரை இழப்பது நீதியாகாது. அவர்கள் ஏதென்சிலும் மெல்போர்னிலும் அமர்ந்து பழைய ஊரை எண்ணி ஏங்கினால் அது அவர்களுடைய துயரம். அதில் பொய் இல்லை. அத்துயரத்தைச் சுற்றுலாப் பயணி கடன் வாங்கி அணிந்துகொள்வதுதான் பொருந்தவில்லை.

தமிழராகிய நமக்கு இதன் இரு பக்கமும் புரிய வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியின் நிழலில் பர்மாவுக்குச் சென்ற நம்மவருள், வட்டித் தொழில் செய்தோரும் இருந்தனர், மூட்டை தூக்கியோரும் இருந்தனர். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பர்மிய உழவனுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? 1960-களில் நாட்டுடைமைச் சட்டங்கள் வந்தபோது மூட்டை தூக்கியவரும் சேர்ந்தே வெளியேறினார். சென்னையின் பர்மா பசாரில் கடை வைத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இன்று இரங்கூனுக்குச் சுற்றுலா செல்லும் ஒருவர், அங்குள்ள பர்மியரைப் பாராமல், "நம்மவர் காலத்தில் இவ்வூர் எப்படி இருந்தது தெரியுமா" என்று மட்டும் பேசித் திரும்பினால், அதனை என்னவென்று சொல்வோம்?

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நாம் அந்தப் பழைய அலெக்சாந்திரியர் போன்றவர் அல்லேம். நமக்குத் தனி நீதிமன்றம் இல்லை. பங்கீட்டு அட்டைக்கும் குடிநீர் லாரிக்கும் எல்லாரோடும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். ஓர் ஊர் நமக்கு உரியதாவது அந்த வரிசையில்தான் என்று நான் நினைக்கிறேன். ஆயினும் ஒன்று நெஞ்சைக் குத்துகிறது. அந்நாளைய ஐரோப்பியருள் பலர் மூன்று தலைமுறை அங்கு வாழ்ந்தும், சமையற்காரனுக்குக் கட்டளையிடும் அளவே அரபு அறிந்திருந்தனராம். முப்பது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும், காய்கறி பேரம் பேசும் அளவைத் தாண்டாத இந்தியோடு ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நம்மவரை நாம் எல்லாரும் அறிவோம்.

இவ்விடத்தில் ஓர் எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் எழுத்தன் ஆதலின் அவர்பால் எனக்குச் சலுகை உண்டு. கான்ஸ்தந்தீன் கவாஃபி, இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிஞருள் ஒருவர், அலெக்சாந்திரியாவில் 1863-இல் பிறந்து 1933-இல் அங்கேயே மறைந்தவர். 1892 முதல் 1922 வரை முப்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் நடத்திய பாசனத் துறை அலுவலகத்தில் எழுத்தர். கிரேக்கக் குடியுரிமை பெற்றிருந்தமையால் அவரை நிரந்தரமாக்க விதி இடம் தரவில்லை. முப்பது ஆண்டும் தற்காலிக ஊழியராகவே கழித்தார். இதைப் படித்தபோது, எந்த ஊரானாலும் கோப்பு கோப்புதான் என்று எண்ணிக்கொண்டேன்.

கவாஃபியின் அலெக்சாந்திரியா பெரும்பாலும் தாலமி மன்னர் காலத்தது. அவர் வீட்டுச் சாளரத்துக்குக் கீழே எகிப்தியர் நடமாடினர். பாட்டில் அவர்கள் அரிதாகவே வருகின்றனர். ஆனால் ஒரு பாட்டு உண்டு. 1906 ஜூன் மாதம் தின்ஷவாய் என்னும் சிற்றூரில் ஆங்கிலேய அதிகாரிகள் புறாக்களைச் சுட, ஊரார் எதிர்த்தனர். கலவரத்தில் ஓர் அதிகாரி இறந்தார். சிறப்பு நீதிமன்றம் அமைத்து, கிராமத்தார் நால்வரை அவ்வூரிலேயே, உறவினர் கண்ணெதிரே தூக்கிலிட்டனர். அவருள் பதினேழு வயதே ஆன இளைஞன் ஒருவனையும் அவன் தாயின் கதறலையும் பற்றிக் கவாஃபி பாடினார். அதனைத் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. ஆங்கிலேயர் அலுவலகத்தில் நிரந்தரமாகாத எழுத்தர் ஒருவர் ஏன் வெளியிடவில்லை என்று ஊகிப்பது கடினமன்று. அச்சமாக இருக்கலாம், கவிதை தமக்கு நிறைவு தரவில்லை என்பதாகவும் இருக்கலாம். நான் அவரைக் குறைகூற வரவில்லை. சாளரத்தின் கீழே நடமாடியவர்களை அவர் கண் கண்டிருக்கிறது என்பதற்கு மேசையறைக்குள் கிடந்த அந்தத் தாள் சான்று. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். எங்கள் நிரலில் அது இல்லை.

பழைய நகரை எண்ணி ஏங்குவோர், அதனைக் கொன்றவர் என்று பழிக்கும் மனிதர் நாசர். 1956 ஜூலை 26 அன்று அவர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிய செய்தியை அலெக்சாந்திரியாவின் மன்ஷியா சதுக்கத்தில்தான் அறிவித்தார். அவர் 1918-இல் பிறந்ததும் அதே ஊரில். தந்தை அஞ்சல் துறை ஊழியர். டரலின் புதினங்களைப் படித்து அந்நகருக்கு வருவோர், அங்கே ஓர் அஞ்சல் ஊழியரின் வீடும் இருந்தது என்பதை எண்ணுவதில்லை.

நம்மவருக்கென்றே ஒரு மூன்றாம் பார்வையும் உண்டு. "இங்கே நம் மிளகு வந்தது, யானைத் தந்தம் வந்தது" என்னும் பெருமைப் பார்வை. பொய்யன்று. சேர நாட்டு முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே நடந்த வாணிகம் பற்றிய கடன் பத்திரம் ஒன்று, பாப்பிரஸ் தாளில் எழுதியது, வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது, 1985-இல் வெளியிடப்பட்டது. முசிறியிலிருந்து வரும் சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் வழியே அலெக்சாந்திரியாவின் அரசுக் கிடங்கில் சேர்த்து, நான்கில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். கடன் தவறினால் ஈட்டுப் பொருளைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். நம் அலுவலகங்களில் கையொப்பமிடும் முன்பணப் பத்திரம் போலவே இருக்கிறது. இதனை எங்கள் குழுவில் ஒருவர் பேருந்திலேயே விரித்துரைத்தார். தமிழர் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த மகிழ்ச்சி இயல்பானதே. ஆனால் அது முடிந்தபின் சாளரத்துக்கு வெளியே பார்த்தவர் சிலரே. மிளகை வாங்கிய ஊராக இருந்தது போதும் என்று எண்ணிவிட்டோம் போலும்.

"ஒரு பகல் மட்டும் தங்குபவர் என்ன செய்ய இயலும்? பழமையைக் காண விரும்புவது குற்றமா?" என்று கேட்கலாம். குற்றமன்று. பழமையைக் காணவே அங்கு சென்றோம். அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழமை இன்று யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பகல் தாராளமாகப் போதும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி அந்நகரில் பிறந்தவர். எங்களுள் எவரும் அவரிடம் தாலமிகளைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும், குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், கல்விக் கட்டணம் எவ்வளவு, மாமியார் உடனிருக்கிறாரா என்று கேட்டார். அந்த அம்மையார் ஒப்பித்துக்கொண்டிருந்த குரலை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

புதிய நூலகத்தைப் பற்றி அவர் சொன்னது அதன் பிறகே. பழைய நூலகம் இருந்த பகுதியை ஒட்டிக் கடலோரத்தில் 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. கடலை நோக்கிச் சாய்ந்த பெருவட்டம். வெளிச்சுவரின் அஸ்வான் கருங்கல்லில் உலக மொழிகளின் எழுத்துகள். உள்ளே படிப்படியாக இறங்கும் ஒரே மண்டபத்தில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து படிக்கலாம். 2011 ஜனவரியில் நாடெங்கும் கிளர்ச்சி மூண்டு, காவலர் தெருக்களை விட்டு அகன்றபோது, இளைஞர்களும் நூலகப் பணியாளரும் கைகோத்து அக்கட்டடத்தைச் சுற்றி நின்றனர். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்று அவர் சொன்னார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்த்தார்.

நாங்கள் சென்ற அன்று மண்டபத்தில் பெரும்பாலும் கல்லூரி மாணவர். தேர்வுக் காலம் போலும். சிலர் மேசைமேல் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தனர். கோட்டைக்குச் சென்றபோது பிற்பகல். கடல் உயர்ந்து வருவதால் அதன் அடித்தளத்தை அலை அரிக்காமலிருக்கப் பெரும் கான்கிரீட் கட்டைகளைக் கடற்பக்கம் அடுக்கியிருக்கிறார்கள். பழைய விளக்கத்தின் கற்களைப் படம் எடுக்க வந்தவர்களுக்கு அவை இடைஞ்சலாக இருந்தன. அவற்றின்மேல் ஏறி நின்று சிறுவர்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாளியைத் தூக்கி எங்களுக்குக் காட்டினான். கைவிரல் நீளத்தில் ஏழெட்டு மீன்கள் இருந்தன.